இடைவெளியில் எழும் விமர்சனம்: ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர்நாடகங்களும் அவற்றின் சுவைஞரும்

கலைப்படைப்பொன்று முழுமை பெற்ற பின்னரே அது விமர்சனத்துக்குரியதாகின்றது என்பது நெடுங்காலமாக நிலவிவரும் எண்ணமாகும். நாவலின் இறுதி அத்தியாயத்தை வாசித்த பின்னரும், நாடகத்தின் இறுதித் திரை விழுந்த பின்னருமே விமர்சகன் எழுதத் தொடங்குகின்றான். பாத்திரங்களின் வளர்ச்சி, கதைப்பின்னலின் ஒருமைப்பாடு, உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்கும் இடையேயுள்ள இயைபு ஆகியன பற்றி அவன் கூறும் முடிவுகள் யாவும் படைப்பின் முழுமையை ஆதாரமாகக் கொண்டவை. ஆனால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே வெகுசனக் கலைவடிவங்களுள் முதன்மையான இடத்தைப் பெற்றுக்கொண்ட தொலைக்காட்சித் தொடர்நாடகம் இவ்வெண்ணத்துக்கு அடங்குவதன்று. அது வாரத்துக்கு ஓர் அங்கமாகவும் ஆண்டுக்கு ஒரு பருவமாகவும் பகுதி பகுதியாக வெளிவருவது. சிலவேளை பத்தாண்டுகள் வரை நீடிப்பது. எப்போது முடியுமென்பதை அதனைப் படைப்போரே அறியாதிருப்பது. அதனைப் பார்ப்போர் முடிவுவரை காத்திருந்து பின்னர் பேசுவதில்லை. ஓர் அங்கத்துக்கும் அடுத்த அங்கத்துக்கும் இடையிலே, ஒரு பருவத்துக்கும் அடுத்த பருவத்துக்கும் இடையிலே அவர்கள் பேசுகின்றனர்; எழுதுகின்றனர்; வாதிடுகின்றனர்.

இவ்வாறு பேசுவோரை ‘ரசிகர்’ என்ற சொல்லாற் சுட்டி, அவர்தம் பேச்சை வெறும் பொழுதுபோக்கெனத் தள்ளிவிடுவது கற்றோரிடையே வழக்கமாக உள்ளது. கலையுலகிலே மிக அதிகமானோர் பங்குகொள்ளும் உரையாடலொன்றை இவ்வாறு புறக்கணிப்பது பொருத்தமானதா என்பது சிந்திக்கற்பாலது. அப்பேச்சு விமர்சனமாகுமா? ஆகுமெனின், எந்நிலையில் அது விமர்சனமாகின்றது? எந்நிலையில் அது நுகர்வோனின் முறைப்பாடாகவோ புதிர் விடுவிப்போனின் விளையாட்டாகவோ குறுகிப் போகின்றது? ஆங்கிலமொழித் தொலைக்காட்சியின் வரலாற்றிலே இடம்பெற்ற சில நிகழ்ச்சிகளை ஆதாரமாகக் கொண்டு இவ்வினாக்கள் ஈண்டு ஆராயப்படுகின்றன.

தொடராக வெளிவரும் கதையும் அதற்காகக் காத்திருக்கும் கூட்டமும் தொலைக்காட்சியோடு தோன்றியவை அல்ல. சார்ள்ஸ் டிக்கன்ஸ் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ நாவலை 1836ஆம் ஆண்டிலே மாதாந்தப் பகுதிகளாக வெளியிடத் தொடங்கியபோதே இவ்வடிவத்தின் வலிமை புலனாயிற்று. 1840-41இல் ‘ஓல்ட் கியூரியோசிற்றி ஷொப்’ வாராந்தம் வெளிவந்தபோது, அதன் சிறுமிப் பாத்திரமான நெல்லைச் சாகவிட வேண்டாமென வாசகர் அவருக்குக் கடிதம் எழுதி இரந்தனர். நெல் இறந்தாள். ஆர்தர் கொனன் டொயில் 1893இல் தம் துப்பறிவாளனான ஷேர்லொக் ஹோம்ஸைக் கொன்றார். ஆயினும், 1903ஆம் ஆண்டில் அவனை உயிருடன் மீட்டுத் தரவேண்டிய நிலை அவருக்கு ஏற்பட்டது. வாராந்தச் சஞ்சிகைகளிலே தொடர்கதை படித்துப் பழகிய தமிழ் வாசகருக்கும் இவ்வனுபவம் புதியதன்று. 1950 முதல் 1954 வரை வெளிவந்த கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னிலே ஆதித்த கரிகாலனைக் கொன்றவர் யார் என்ற வினா இன்றுவரை வாசகரிடையே வாதத்துக்குரியதாகவே இருந்துவருகின்றது.

இவ்வுதாரணங்களிலிருந்து ஓர் உண்மை பெறப்படுகின்றது. தொடர் வடிவத்திலே இடைவெளி என்பது வெற்றிடமன்று. அது வடிவத்தின் ஓர் உறுப்பு. எழுதப்பட்ட பகுதி நின்றுவிட, எழுதப்படாத பகுதியை வாசகன் தன்னுள்ளே எழுதிப் பார்க்கின்றான். ‘இவள் இவ்வாறு செய்வாளா?’ என்று அவன் கேட்கும்போது, அவளது இயல்பு இதுவரை எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளது என்பதை மீள எண்ணிப் பார்க்கவேண்டியவனாகின்றான். முடிந்த நாவலின் வாசகன் பக்கத்தைப் புரட்டி விடையை அறிந்துகொள்ளலாம். தொடரின் வாசகனுக்கு அவ்வசதி இல்லை. அவனுக்குக் கிடைப்பது சிந்திப்பதற்கான காலமே. அக்காலத்தை அவன் எவ்வாறு பயன்படுத்துகின்றான் என்பதிலேயே அவன் விமர்சகனாவதும் ஆகாதுவிடுவதும் தங்கியுள்ளது.

தொலைக்காட்சியைப் பொறுத்தவரை, இடைவெளியிற் பேசும் கூட்டம் முதன்முதலிலே தன் பலத்தை வெளிப்படையாக உணர்ந்த சந்தர்ப்பங்களுள் ஒன்றாக ‘ஸ்டார் ட்ரெக்’ நாடகத்தின் வரலாற்றைக் குறிப்பிடலாம். விண்வெளிப் பயணத்தைப் பொருளாகக் கொண்ட இந்நாடகம் 1966 செப்டெம்பரில் ஐக்கிய அமெரிக்காவின் என்.பி.சி. நிறுவனத்தால் ஒளிபரப்பத் தொடங்கப்பட்டது. இரண்டாம் பருவத்தோடு அது நிறுத்தப்படலாம் என்ற செய்தி பரவியபோது, அதன் சுவைஞர்கள் நாடெங்கணுமிருந்து நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் இயக்கமொன்றை நடத்தினர். கலிபோர்னியாவிலுள்ள கல்ரெக் எனப்படும் தொழினுட்பக் கல்வி நிலையத்தின் மாணவர் 1968 ஜனவரியில் பந்தம் ஏந்திய ஊர்வலமாக நிறுவனத்தின் பேபாங்க் கலையகத்துக்குச் சென்றனர். 1968 மார்ச் மாதத்தில், நாடகம் தொடருமென்ற அறிவித்தலை நிறுவனம் ஒளிபரப்பிலேயே வெளியிட நேர்ந்தது.

இவ்வெற்றி கொண்டாடப்பட்ட அளவுக்கு அதன் எல்லை ஆராயப்பட்டதில்லை. மூன்றாம் பருவம் கிடைத்தது; ஆனால் அது வெள்ளிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒதுக்கப்பட்டது. இளைஞர் வீட்டிலிருக்காத நேரம் அது. தயாரிப்புச் செலவும் குறைக்கப்பட்டது. மூன்று பருவங்களிலும் முதல் இரண்டின் தரத்துக்கு ஈடுகொடுக்காதது இறுதிப் பருவமே என்பது அந்நாடகத்தை நேசிப்போரே பொதுவாக ஒப்புக்கொள்வதாகும். 1969 யூனில், 79 அங்கங்களோடு நாடகம் நின்றது. நாடகம் ‘இருக்கவேண்டும்’ என்று கேட்கும் உரிமையைச் சுவைஞர் பெற்றுக்கொண்டனர். அது ‘எவ்வாறு இருக்கவேண்டும்’ என்பது அவர்தம் கைக்கு அப்பாற்பட்டதாகவே இருந்தது. ஆயினும், அவ்வியக்கத்தினூடே உருவான சிற்றேடுகளும், 1972 ஜனவரியில் நியூயோர்க்கில் நடந்த ஒன்றுகூடலும், ஒளிபரப்பு நின்றபின்னரும் ஓயாத உரையாடலொன்றுக்கு வழிகோலின. நிறுவனம் கைவிட்ட படைப்பைச் சுவைஞர் பாதுகாத்தனர் என்பது மனங்கொள்ளத்தக்கது.

அடுத்து நோக்கத்தக்கது ‘டலஸ்’. ரெக்சஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வந்தக் குடும்பமொன்றின் சூழ்ச்சிகளைக் கூறும் இந்நாடகத்திலே, 1980 மார்ச் 21ஆம் திகதி ஒளிபரப்பான பருவ இறுதியில் ஜே.ஆர். என்னும் பாத்திரம் சுடப்பட்டது. சுட்டவர் யார் என்பது அவ்வாண்டு நவம்பர் 21ஆம் திகதியே தெரியவந்தது. நடிகரின் வேலைநிறுத்தமும் சேர்ந்து அவ்விடைவெளியை எட்டு மாதங்களாக நீட்டியது. விடை கூறப்பட்ட இரவு அமெரிக்காவிலே எட்டுக் கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பார்த்தனர். அவ்வெட்டு மாதங்களும் ஊகத்திலே கழிந்தன. ஐயத்தில் நிறுத்துவது எவ்வளவு இலாபகரமானது என்பதை ஒளிபரப்பு நிறுவனங்கள் அன்று கற்றுக்கொண்டன. அதன்பின்னர் பருவ இறுதி என்றாலே துப்பாக்கியோ விபத்தோ இன்றியமையாதது என்ற நிலை தோன்றியது.

எனினும், அதே நாடகத்தைப் பற்றி வேறொரு வகையான பேச்சும் நடந்துகொண்டிருந்தது. ஒல்லாந்திலே ஆய்வாளரான இயன் ஆங், ‘டலஸ்’ நாடகத்தைப் பார்ப்பதிலுள்ள இன்பத்தைப் பற்றி எழுதும்படி பெண்கள் சஞ்சிகையொன்றின் வாயிலாக வாசகரைக் கேட்டார். அவருக்குக் கிடைத்த 42 கடிதங்களை ஆதாரமாகக் கொண்டு அவர் எழுதிய நூல் 1985இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நாடகத்திலே காட்டப்படும் மாளிகையும் செல்வமும் தம் வாழ்வோடு எவ்விதத் தொடர்பும் அற்றவை என்பதைக் கடிதம் எழுதியோர் நன்கறிந்திருந்தனர். ஆயினும், மணவாழ்வின் கசப்பு, குடும்பத்துள்ளே நிகழும் ஆதிக்கம், மகிழ்ச்சி நிலைத்திராத தன்மை ஆகியவற்றிலே உணர்ச்சி சார்ந்த ஓர் உண்மையைச் சிலர் கண்டனர். புறத்தோற்றத்திலே மெய்ம்மையற்ற படைப்பு உணர்வுநிலையிலே மெய்ம்மை வாய்ந்ததாக அமையலாம் என்ற ஆங்கின் முடிவு, யதார்த்தவாதம் பற்றிய விவாதங்களிலே குறிப்பிடத்தக்க ஒன்றாகும். அம்முடிவுக்கு ஆதாரத்தை வழங்கியவர்கள் பெயரறியாத சுவைஞர்களே.

இவ்விரு வகைப் பேச்சினையும் வேறுபடுத்திக் காண்பது இன்றியமையாதது. ‘சுட்டவர் யார்?’ என்பது ஊகம். ‘இவ்வாழ்க்கை ஏன் உண்மையாகப் படுகின்றது?’ என்பது மதிப்பீடு. ஊகத்துக்கு விடை கிடைத்ததும் அதன் ஆயுள் முடிகின்றது. மதிப்பீடோ விடை கிடைத்த பின்னரே முழு வலிமையுடன் தொடங்குகின்றது. சோபோக்கிளிஸின் நாடகத்தைக் காண வந்த ஏதென்ஸ் மக்களுக்கு ஈடிப்பஸ் யாருடைய மகன் என்பது முன்னரே தெரியும். அதனால் அவர்தம் சுவைப்பு குன்றிவிடவில்லை. அறியாமை நாடகச் சுவைக்கு ஒரு துணையே அன்றி அதன் அடிப்படை அன்று.

ஊகம் மதிப்பீட்டை விழுங்கிவிடும்போது நேரும் இழப்புக்கு ‘டுவின் பீக்ஸ்’ தக்க சான்றாகும். டேவிட் லிஞ்ச், மார்க் ஃபுரொஸ்ட் ஆகிய இருவரும் உருவாக்கி 1990 ஏப்ரலில் ஏ.பி.சி. நிறுவனத்தில் ஒளிபரப்பான இந்நாடகம், சிற்றூரொன்றிலே கொல்லப்பட்ட லோறா பாமர் என்னும் மாணவியின் உடல் கண்டெடுக்கப்படுவதுடன் ஆரம்பிக்கின்றது. கொலைகாரன் யார் என்ற வினா நாட்டையே பற்றிக்கொண்டது. ஒளிப்பதிவு நாடாக்களிலே காட்சிகளை நிறுத்தியும் மீட்டும் பார்த்து, ஒவ்வொரு சட்டகத்திலும் துப்புத் தேடும் சுவைஞர் கூட்டமொன்று உருவாகியது. நுணுகிப் பார்க்கும் இப்பழக்கம் தன்னளவிலே போற்றற்குரியதே. கவிதையொன்றைச் சொல் சொல்லாக வாசிக்கும் மாணவனின் கவனத்துக்கு அது எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆனால், அக்கவனம் முழுவதும் ஒரே வினாவை நோக்கித் திருப்பப்பட்டது. நிறுவனத்தின் வற்புறுத்தலால் 1990 நவம்பரில் விடை கூறப்பட்டது. தந்தையே கொலைகாரன். விடை தெரிந்ததும் பார்ப்போர் தொகை வீழ்ந்தது; 1991 யூனில் நாடகம் நின்றது.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனில், அவ்விடை ஒரு புதிரின் விடை மட்டுமன்று என்பதாகும். மதிப்புமிக்க குடும்பமொன்றின் உள்ளே, அயலவர் கண்டும் காணாதிருக்க, ஒரு பெண்பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையே அந்நாடகத்தின் உள்ளடக்கம். விடை கூறப்பட்ட அவ்விரவிலேயே அவ்வுள்ளடக்கத்தைப் பற்றிய பேச்சு தொடங்கியிருக்கவேண்டும். பலருக்கு அன்றுடன் பேச்சு முடிந்துபோயிற்று. லோறாவின் இறுதி நாட்களை அவள் பக்கம் நின்று காட்டிய திரைப்படத்தை லிஞ்ச் 1992இல் வெளியிட்டபோது, அது பெரும்பாலும் நிராகரிக்கப்பட்டது. பின்வந்த ஆண்டுகளிலேயே அதன் பெறுமதி உணரப்பட்டது. 2017இல் பதினெட்டுப் பகுதிகளாக நாடகம் மீண்டும் வந்தபோது, ‘யார்?’ என்ற வினாவைக் கைவிட்டு ‘அத்துயர் என்னவாயிற்று?’ என்ற வினாவுடன் அதனை எதிர்கொள்ளும் சுவைஞர் கூட்டமொன்று தயாராக இருந்தது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளின் உரையாடலே அவர்களைத் தயாராக்கியது எனலாம்.

ஊகத்தை மறுத்து மதிப்பீட்டை வற்புறுத்தும் முயற்சிகளும் படைப்போரிடமிருந்து வந்துள்ளன. டேவிட் சேஸ் உருவாக்கிய ‘சொப்ரானோஸ்’ நாடகம் 86 அங்கங்களின் பின் 2007 யூன் 10ஆம் திகதி முடிவுற்றபோது, குற்றக்கும்பலின் தலைவனான நாயகன் உணவகமொன்றிலே குடும்பத்துடன் அமர்ந்திருக்கத் திரை திடீரெனக் கருமையாகியது. அவன் கொல்லப்பட்டானா, வாழ்கின்றானா என்பது கூறப்படவில்லை. அன்று எழுந்த சினம் பெரிது. ஆனால், விடை மறுக்கப்பட்டதனால், இத்தகைய மனிதனின் வாழ்விலே ஒவ்வொரு கணமும் எவ்வாறிருக்கும் என்று எண்ணவேண்டிய கட்டாயம் பார்ப்போருக்கு ஏற்பட்டது. இதற்கு மாறான போக்கை பி.பி.சி.யின் ‘ஷேர்லொக்’ காட்டுகின்றது. 2012 ஜனவரியில் நாயகன் கட்டடத்தின் மேலிருந்து வீழ்ந்தான். 2014 ஜனவரியிலேயே அடுத்த பருவம் வந்தது. இரண்டு ஆண்டுகளாகச் சுவைஞர் கூறிவந்த விளக்கங்களைப் போன்றவை அப்பருவத்தின் முதல் அங்கத்திலேயே நகைச்சுவைக் காட்சிகளாக இடம்பெற்றன. சுவைஞரின் பேச்சு நாடகத்தினுள்ளே புகுந்தது. அது அவர்களைக் கௌரவித்ததா, எள்ளிநகையாடியதா என்பதை இலகுவிற் கூறிவிட முடியாது. எவ்வாறாயினும், நாடகம் வாழ்வைப் பற்றிப் பேசுவதை விடுத்துத் தன்னைப் பற்றிப் பேசுவோரைப் பற்றிப் பேசத் தொடங்கியமை ஒரு சுருக்கமே.

சுவைஞர் பேச்சின் வலிமையும் வழுவும் ஒருங்கே வெளிப்பட்ட நிகழ்ச்சி ‘கேம் ஒஃப் துரோன்ஸ்’ நாடகத்தின் முடிவாகும். ஜோர்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் வரிசையைத் தழுவி எச்.பி.ஓ. நிறுவனம் 2011 ஏப்ரல் முதல் 2019 மே வரை எட்டுப் பருவங்களாக, 73 அங்கங்களாக இதனை ஒளிபரப்பியது. வரிசையின் ஐந்தாம் நாவல் 2011இல் வெளிவந்தது. நாடகம் முடிவுறும்வரை ஆறாவது வெளிவரவில்லை. எனவே, நாடகம் தன் மூலநூலை முந்திக்கொண்டு ஓடவேண்டியதாயிற்று. முதல் ஆறு பருவங்கள் பத்துப் பத்து அங்கங்களைக் கொண்டிருந்தன. ஏழாவது ஏழாகவும் எட்டாவது ஆறாகவும் சுருங்கின.

2019 மே 12ஆம் திகதி ஒளிபரப்பான அங்கத்திலே, அடிமைகளை விடுவித்தவளாக அதுவரை போற்றப்பட்ட டெனேரிஸ் என்னும் அரசி, சரணடைந்துவிட்ட நகரத்தின் மக்களைத் தன் பறவைநாகத்தின் தீயால் எரித்தழித்தாள். இதனையொட்டி எழுந்த விவாதம் ஆராயத்தக்கது. அவளது வன்முறை திடீரென வந்ததன்று என்று ஒரு சாரார் வாதிட்டனர். நான்காம் பருவத்திலே மிறீன் நகரத்து அடிமை எசமானரை அவள் வரிசையாக அறைந்து கொன்றதையும், ஏழாம் பருவத்திலே சரணடைய மறுத்த பிரபுவையும் அவன் மகனையும் எரித்ததையும் அவர்கள் சான்றாகக் காட்டினர். மக்கள் அவளைப் போற்றியபோது தாமும் போற்றி, அவ்வன்முறையைக் காணத் தவறியது பார்ப்போரின் குற்றமே என்றனர். மறுசாராரோ, எதிரிகளைக் கொடுமையாகத் தண்டிப்பதற்கும் குற்றமற்ற மக்களைக் கொல்வதற்கும் இடையே கடக்கவேண்டிய தூரம் உண்டென்றும், அத்தூரத்தை நாடகம் காட்டாது தாண்டிவிட்டதென்றும் கூறினர். ஆறு அங்கங்களுள் அம்மாற்றம் அடங்காது; ஓர் ஆளுமையின் சிதைவுக்குக் காரணங்கள் கூறப்பட்டனவேயன்றி அது நிகழ்ந்து காட்டப்படவில்லை என்பது அவர்தம் வாதத்தின் சாரம்.

நிகழ்வன யாவும் நிகழக்கூடியனவாகவோ நிகழ்ந்தே தீரவேண்டியனவாகவோ அமைதல் வேண்டும் என்று அரிஸ்டோட்டில் ‘கவிதையிய’லிற் கூறிய விதியையே இவ்விரு சாராரும் தம்மையறியாமற் கையாண்டனர் என்பது தெளிவு. பாத்திர வார்ப்பு, காரணகாரியத் தொடர்பு, கதையின் வேகத்துக்கும் அதன் பொருளுக்குமுள்ள உறவு ஆகியவற்றைக் குறித்து எட்டாண்டுகளின் காட்சிகளைச் சான்றாகக் காட்டி நடத்தப்பட்ட இவ்விவாதம் விமர்சனமே. பல்கலைக்கழக வகுப்பறையிலே ‘மக்பெத்’தின் வீழ்ச்சியைப் பற்றி நடக்கும் விவாதத்திலிருந்து அது அளவிலே வேறுபடலாம், வகையிலே வேறுபடவில்லை.

ஆனால், அவ்விவாதத்துடன் கூடவே மற்றொன்றும் நிகழ்ந்தது. எட்டாம் பருவத்தைத் தகுதிவாய்ந்த எழுத்தாளரைக் கொண்டு மீளத் தயாரிக்கவேண்டுமெனக் கோரும் மனுவொன்றிலே பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர். முடிவு பிழையென்று நிறுவுவது வேறு. அதனை மாற்றித் தா என்று கேட்பது வேறு. முன்னையது படைப்பைப் பொதுச்சொத்தாகக் கருதி அதனைப் பற்றிய தீர்ப்பைப் பிறர்முன் வைப்பது. பின்னையது பழுதான பண்டத்தைக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுப்பது. 1968இன் கடிதங்களோடு இம்மனுவை ஒப்பிடுவோரும் உளர். அவ்வொப்பீடு முற்றாகப் பொருந்தாது. கைவிடப்படவிருந்த படைப்பொன்று தொடர்ந்து வாழவேண்டுமென்று அக்கடிதங்கள் கேட்டன. முடிந்த படைப்பொன்று அழிந்து வேறாகவேண்டுமென்று இம்மனு கேட்டது. அவ்வாண்டிலேயே எட்டாம் பருவத்துக்கு 12 எமி விருதுகள் வழங்கப்பட்டன. தொழிற்றுறையின் மதிப்பும் சுவைஞரின் மதிப்பும் எவ்வளவு தூரம் விலகி நின்றன என்பதற்கு இதனினும் சிறந்த சான்று தேவையில்லை. அவ்விலகலை விளக்கவேண்டிய கடமை விமர்சகருக்கிருந்தது. மனுவை நகையாடியதுடன் பலர் அமைந்துவிட்டனர்.

இதுவரை கூறப்பட்டவை யாவும் வாரந்தோறும் ஒளிபரப்பாகும் நாடகங்களைச் சார்ந்தவை. 2013 பெப்ரவரி முதலாம் திகதி, நெட்பிளிக்ஸ் நிறுவனம் ‘ஹவுஸ் ஒஃப் கார்ட்ஸ்’ நாடகத்தின் முதற் பருவத்துப் பதின்மூன்று அங்கங்களையும் ஒரே நாளில் வெளியிட்டது. இம்முறை பரவியதும், தொடர்வடிவத்தின் உறுப்பான இடைவெளியே இடம்மாறியது. அங்கங்களுக்கிடையே அது மறைந்தது, பருவங்களுக்கிடையே பெருத்தது. ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ 2016 யூலையில் தொடங்கி 2025 டிசெம்பரில் முடிவுற்றது. அவ்வொன்பதரை ஆண்டுகளில் வந்தவை ஐந்து பருவங்களே. அப்பிள் நிறுவனத்தின் ‘செவரன்ஸ்’ நாடகத்தின் முதற் பருவம் 2022 ஏப்ரலில் உச்சமான ஐயத்திலே நின்றது. அடுத்தது 2025 ஜனவரியிலேயே தொடங்கியது. 2023ஆம் ஆண்டில் எழுத்தாளரும் நடிகரும் நடத்திய வேலைநிறுத்தங்களும் அத்தாமதத்துக்குக் காரணமாயின. தம் உழைப்புக்குரிய ஊதியத்துக்காக அவர்கள் நடத்திய போராட்டம் நியாயமானது. தாம் காத்திருக்கும் கதை ஓர் உழைப்பின் விளைவென்பதைச் சுவைஞர் பலர் அப்போதே உணர்ந்தனர் என்பதும் குறிப்பிடத்தக்கது.

இடைவெளியின் இம்மாற்றம் பேச்சின் இயல்பையும் மாற்றியது. ஒரே நாளில் முழுப் பருவத்தையும் பார்த்து முடித்தவனும், மூன்று அங்கங்களையே பார்த்தவனும் ஒருவரோடொருவர் பேச இயலாதவராயினர். முன்னவன் வாய்திறந்தால் பின்னவனின் இன்பம் கெடும் என்ற அச்சம் இருவரையும் மௌனமாக்கியது. ‘இந்த வாரம் நடந்தது’ என்ற பொதுக்காலம் இல்லாதபோது, பத்து மணிநேர நாடகமொன்று ஒட்டுமொத்தமாக ‘நன்று’ அல்லது ‘நன்றன்று’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றது. ஐந்தாம் அங்கத்திலே ஒரு பாத்திரம் கூறாது விட்ட சொல்லைப் பற்றி ஏழு நாட்கள் எண்ணும் வாய்ப்பு அற்றுப்போகின்றது. மறுபுறத்தில், மூன்று ஆண்டுகள் நீளும் இடைவெளியோ நினைவையே அரித்துவிடுகின்றது. புதிய பருவத்தைத் தொடரவேண்டுமெனின் பழைய பருவத்தை மீளப் பார்க்கவேண்டியுள்ளது. அவகாசமில்லாதோர் சுருக்கத்தை வாசித்துவிட்டு முன்செல்கின்றனர். சுருக்கத்தை வாசித்தவனுக்குக் கதை தெரியும், நாடகம் தெரியாது. ‘செவரன்ஸ்’ போன்றவை இரண்டாம் பருவத்தையும் வாரத்துக்கு ஓர் அங்கமாகவே வெளியிட்டமை, வார இடைவெளியின் பெறுமதியை நிறுவனங்களுள் சிலவாவது மீளவும் உணர்ந்துள்ளன என்பதைக் காட்டுகின்றது.

இவ்விடத்திலே இரு மறுப்புகள் எழலாம். முதலாவது, வார இடைவெளி கலையின் தேவையால் தோன்றியதன்று. விளம்பரதாரரின் தேவையால் தோன்றியது என்பதாகும். இது உண்மையே. பழைய ஒளிபரப்பு முறையைப் பொற்காலமெனப் போற்றுவது பேதைமை. ஆனால், ஒரு வடிவம் எதற்காகத் தோன்றியது என்பதும், மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்தினர் என்பதும் வேறு வேறானவை. சஞ்சிகை விற்பனைக்காகத் தோன்றிய தொடர்கதை வடிவத்திலேயே டிக்கன்ஸ் இலண்டனின் வறுமையை எழுதினார். வணிகம் வகுத்த இடைவெளியிலே மக்கள் விமர்சனம் செய்தனர் என்பது வணிகத்துக்குரிய பெருமையன்று, மக்களுக்குரிய பெருமை.

இரண்டாவது மறுப்பு இதனினும் ஆழமானது. பண்பாட்டுக் கைத்தொழிலின் நுகர்வோர் எவ்வாறு எதிர்வினை காட்டவேண்டுமென்பதையும் அக்கைத்தொழிலே முன்கூட்டி வகுத்துவிடுகின்றது என அடோர்னோவும் ஹோர்க்ஹைமரும் 1940களிலே எழுதினர். அதன்படி நோக்கின், சுவைஞரின் பேச்சும் நாடகத்துக்குக் கூலியின்றிச் செய்யப்படும் விளம்பரமே. ஊகத்தைப் பொறுத்தவரை இக்கூற்றை மறுப்பது கடினம். ‘சுட்டவர் யார்?’ என்று எட்டு மாதங்கள் கேட்டோர், கேட்கும்படி செய்யப்பட்ட வினாவையே கேட்டனர். ஆனால், ஆங்குக்குக் கடிதம் எழுதியோர் கூறியவையும், டெனேரிஸின் வீழ்ச்சிக்குச் சான்று கேட்டோர் கூறியவையும் எந்நிறுவனமும் வகுத்துக் கொடுத்தவை அல்ல. நாடகம் பார்ப்பது ஓர் அரிய நிகழ்ச்சியாக இருந்த நிலை மாறி, அன்றாட வாழ்வின் இயக்கத்திலேயே அது கலந்துவிட்டதென றேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தமது கேம்பிரிட்ஜ் உரையிலே சுட்டிக்காட்டினார். வாழ்வோடு கலந்துவிட்ட ஒன்றைப் பற்றி வாழ்வின் அனுபவத்தைக்கொண்டே மக்கள் தீர்ப்புக் கூறுவர். அத்தீர்ப்பு முழுவதையும் எந்த நிறுவனமும் தன் கைக்குள் அடக்கிவிட முடியாது.

தொகுத்து நோக்குமிடத்து, தொடர்நாடகச் சுவைஞரின் பேச்சு விமர்சனமாகுமா என்ற வினாவுக்கு ஒரே விடை கூறுதல் பொருந்தாது. படைப்பு மறைத்துவைத்ததைக் கண்டுபிடிப்பதோடு அது நின்றுவிடுமாயின், படைப்பு முடியும் நாளில் அதுவும் முடிந்துவிடும். தனக்கு வேண்டியதைத் தா என்று கேட்குமாயின், அது சந்தையின் மொழியாகிவிடும். படைப்பு காட்டியதைச் சான்றாகக் கொண்டு, அது மனிதரைப் பற்றிக் கூறுவது உண்மையா என வினவுமாயின், அது விமர்சனம். மூன்றும் ஒரே மனிதரின் வாயிலிருந்து, ஒரே மாலைப்பொழுதிலே பிறக்கக்கூடும் என்பதே அவற்றைப் பிரித்தறிவதன் அவசியத்தை உணர்த்துகின்றது.

இப்பிரித்தறிதலிலே கல்வியாளருக்குப் பங்குண்டு. சான்று காட்டி வாதிடும் முறை, வடிவம் பற்றிய தெளிவு, ஒப்பீட்டு நோக்கு ஆகியவற்றைச் சுவைஞருக்கு வழங்கக்கூடியவர்கள் அவர்களே. அதேவேளை, அவர்கள் பெற்றுக்கொள்ள வேண்டியதும் உண்டு. முடியாத படைப்போடு ஆண்டுக்கணக்காக வாழ்ந்து, வாரந்தோறும் தம் தீர்ப்பைத் திருத்திக்கொள்ளும் பொறுமை முடிந்த நூல்களை மட்டுமே கற்போரிடம் அருகியே காணப்படுகின்றது. படைப்பு இன்னும் உருவாகிக்கொண்டிருக்கும்போதே அதனை நேசிக்கவும் ஐயுறவும் ஒருசேரத் துணியும் அப்பொறுமையை இழந்துவிட்டால், புதிய பருவங்கள் எத்தனை வந்தபோதும் அவற்றைப் பற்றிப் பேசுவதற்கு ஊகமும் முறைப்பாடுமே எஞ்சியிருக்கும்.